அளவெடுத்த ஊர்

பெங்களூரில் கடல் இல்லை.
இருப்பது அல்சூர் ஏரி,
அதற்கும் ஆளுயரத்துக்குக் கம்பிவேலி.
கடலில் விழுந்தவர்களைத் தூக்கப் போகிறவளை
இங்கேதான் சுவரோடு ஒட்டி உட்காரவைத்து
அளந்தார்கள்.

பழைய ஏர்போர்ட் ரோட்டில் ஒரு மருத்துவக் கூடம்.
தொடை எத்தனை, கை எத்தனை,
உட்கார்ந்தால் உச்சந்தலை எங்கே.
ஆஸ்டின் டவுன் டெய்லர்கூட
என்னை இவ்வளவு நம்பாமல் அளந்ததில்லை.
கால் நீளம் தொண்ணூற்றொன்பது சென்டிமீட்டராவது வேண்டும்.
எனக்குத் தொண்ணூற்றொன்பதரை.
எனக்கு முன்னால் நின்ற ரத்னகிரிக்காரி தன்வி சுர்வேக்குத்
தொண்ணூற்றெட்டு புள்ளி ஏழு.

அவள் வீட்டில் சொந்தப் படகு உண்டு.
நடக்கும் முன்பே அலையில் புரண்டவள்.
நானோ எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில்
முழங்கால்வரை கடல் பார்த்தவள்,
அதுவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
மறுபடி அளக்கச் சொன்னாள்.
அளந்தார்கள்.
ஸ்கேலுக்கு அலை தெரியாது.
"மூணு மில்லிமீட்டர், அரை அரிசி," என்று
ஷூ லேஸ் கட்டியபடி சிரித்தாள்.
ஆட்டோவில் ஏறும்போது சிரிக்கவில்லை.

பிறகு அந்தச் சுழல்நாற்காலி.
கண்ணைக் கட்டிச் சுற்றினார்கள்.
எந்தப் பக்கம் போகிறாய், கட்டைவிரலால் காட்டு.
வலது என்று காட்டினேன். சரி.
இப்போது?
இடது. சத்தியமாய் இடது.
கட்டை அவிழ்த்தால்
நாற்காலி சும்மா நிற்கிறது.
டாக்டர் டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருக்கிறார்.
"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க," என்றார்,
அடுத்த பெயரைப் படித்தார்.

நடுவில் நடந்ததைச் சொன்னால் தூக்கம் வரும்.
செக்லிஸ்ட், எரிபொருள் வாடை,
தண்ணீரில் தலைகீழாய்க் கவிழும் பெட்டியிலிருந்து
மூக்கெல்லாம் குளோரினோடு வெளியே வந்தது,
வாந்தி, மறுபடி செக்லிஸ்ட்.

இப்போது லீவு. மர்ஃபி டவுன்.
கேஸ் ரசீது கொடுக்க வந்த கீழ்வீட்டு பிலோமினா அக்கா
உட்காராமலே கேட்கிறாள்:
"நீ ஒரு ஆளைக் கடல்லேருந்து தூக்குனியாமே,
பாக்க எப்படி இருந்தான்?"

தெரியாது அக்கா.
நான் பார்க்கவில்லை.
அவன் என் மெஷினின் வயிற்றுக்குக் கீழே கிடந்தான்.
எனக்கு எதிரே இருட்டு.
படகு விளக்கு எது, நட்சத்திரம் எது,
ஒரு கட்டத்துக்கு மேல் கண்ணுக்கும் அக்கறை இல்லை.
காது சொன்னது: சாய்கிறாய், சாய்கிறாய்.
ஊசி சொன்னது: இல்லை.
பின்னால் வின்ச் பிடித்திருந்த பல்தேவின் குரல் மட்டும்:
முன்னே மூன்று. இரண்டு. வலது ஒன்று.
நில்.
நில்.

நின்றேன்.
ஐந்து வருஷம் படித்தது அதற்குத்தான் அக்கா,
காற்றில் ஓரிடத்தில் நிற்க.

பிறகு மெஷின் லேசாய் அமிழ்ந்தது,
தூங்கும்போது கட்டில் ஓரத்தில்
யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி.
அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதுதான்.
எழுபது கிலோ இருப்பான்,
ஈரத் துணியோடு.

ரேடியோவில் நான்கு பேர் என்றார்கள்.
மூன்று முறைதான் அமிழ்ந்தது.

அக்கா ரசீதை மடித்தாள்.
மடித்ததை மறுபடி மடித்தாள்.
"சாப்ட்டியா?" என்றாள்.

தன்வியின் நம்பர் இன்னும் இருக்கிறது.
படகை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள்.
புயல் எச்சரிக்கை வரும் இரவுகளில் மட்டும்
கேட்பேன்: கரையில்தானே?
சொல்லே வராது.
ஒரு கட்டைவிரல் வரும்.
அது மேலே பார்க்கிறதுதானா என்று
ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான்
விளக்கை அணைப்பேன்.